சின்ன விஷயத்துக்கெல்லாம் ஏன் அழுகை வருகிறது?

ஈரோட்டிலிருந்து கனடாவில் டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதிக்கு வந்து ஒன்பது மாதம் ஆகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். கணவருக்கு நல்ல வேலை, உங்களுக்கும் ஒரு கிடங்கில் வேலை கிடைத்துவிட்டது, பேஸ்மென்ட் வீட்டுக்கு வாடகை கட்ட முடிகிறது, உடம்புக்கும் ஒன்றுமில்லை. ஆனாலும் தாளிக்கும்போது புகை அலாரம் கத்தினால் அழுகை வந்துவிடுகிறது. குப்பையைத் தொட்டி மாற்றிப் போட்டதற்கு மேல்வீட்டு அக்கா சொன்ன ஒரு வார்த்தை இரண்டு நாள் மனதிலேயே ஓடுகிறது. போனில் பெயரைச் சொல்லிப் புரியவைப்பதற்குள் தொண்டை அடைக்கிறது. ஊருக்குப் பேசும்போது அம்மாவிடம் சொன்னால் "இதுக்குப் போயா?" என்கிறார். "எனக்கு மனசுல தெம்பு இல்லையா? இது எத்தனை நாளில் சரியாகும்?" என்று முடித்திருக்கிறீர்கள். அலாரத்துக்கும் குப்பைக்கும் என்ன வழி என்பதையும் சொல்கிறேன். ஆனால் இத்தனை சின்ன விஷயம் என்னை ஏன் இப்படி உலுக்குகிறது, என்னிடம்தான் ஏதாவது கோளாறா என்பதே உங்கள் கேள்வி என்று எனக்குப் படுகிறது. கோளாறு இல்லை. அதை வெறும் ஆறுதலாகச் சொல்லிவிட்டுப் போக விருப்பமில்லாததால் பதில் கொஞ்சம் நீளமாகிறது.

நான் 2009இல் மதுரையிலிருந்து டொராண்டோவுக்கு வந்தவள். 12 வருடமாக, புதிதாகக் குடியேறுபவர்களுக்கு உதவும் ஓர் அமைப்பில் ஆலோசகராக இருக்கிறேன். மருத்துவரோ மனநல மருத்துவரோ இல்லை. படிவம் நிரப்புவது, பள்ளியில் சேர்ப்பது, வீட்டுக்காரரோடு தகராறு வந்தால் நடுவில் உட்கார்ந்து பேசுவது, இவைதான் என் வேலை. படிவத்துக்காக வந்தவர்கள் பேனாவை மேஜையில் வைத்துவிட்டு அழுவதை நிறைய பார்த்திருக்கிறேன். அழுகைக்குக் காரணம் கேட்டால் பெரும்பாலும் பஸ், அடுப்பு, தபால் பெட்டிச் சாவி என்றுதான் சொல்வார்கள்.

முதலில், ஆராய்ச்சியில் உறுதியாகத் தெரிந்த ஒன்று. 1967இல் ஹோம்ஸ், ராஹே என்ற இரண்டு அமெரிக்க மருத்துவ ஆய்வாளர்கள் மனிதனை வாட்டும் 43 வாழ்க்கை மாற்றங்களுக்கு மதிப்பெண் போட்டு ஒரு பட்டியல் தயாரித்தார்கள். துணையை இழப்பதற்கு 100 மதிப்பெண். நோய், வேலை போவது, வீடு மாறுவது என்று அது இறங்கிக்கொண்டே போகும். பெரிய அடிதான் மனிதனை வீழ்த்தும் என்பது அதன் அடிப்படை. 1981இல் ரிச்சர்ட் லாசரஸ் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவும் வேறு மாதிரி கேட்டுப் பார்த்தார்கள். பொருளைத் தொலைப்பது, வரிசையில் நிற்பது, விலை ஏறுவது மாதிரியான 117 அன்றாடத் தொல்லைகளைப் பட்டியலிட்டு, கலிஃபோர்னியாவில் 100 பேரிடம் மாதா மாதம் கேட்டார்கள். மனச்சோர்வு, பதற்றம் போன்ற அறிகுறிகளைப் பெரிய நிகழ்வுகளைவிட இந்தச் சில்லறைத் தொல்லைகளே அதிகம் முன்கூட்டிக் காட்டின. அவர்களில் யாரும் நாடு மாறி வந்த களைப்பில் இருந்தவர்கள் என்று தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் இல்லை, நிலைபெற்று வாழ்ந்த நடுவயதுக்காரர்கள். அவர்களுக்கே அப்படி என்றால், ஒன்பது மாதம் முன்பு விமானம் ஏறி வந்த உங்களுக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். 'கலாச்சார அதிர்ச்சி' என்ற சொல்லைப் பரவலாக்கியவர் கலெர்வோ ஓபெர்க் என்ற மானுடவியலாளர். அவரே கனடாவில் பின்லாந்துக் குடும்பத்தில் பிறந்தவர். 1954இல் ரியோ டி ஜெனீரோவில், வெளிநாட்டிலிருந்து வந்து அங்கே வசித்த பெண்களிடம் பேசும்போது அவர் கொடுத்த உதாரணங்களில் போரும் பஞ்சமும் இல்லை. எப்போது கை குலுக்குவது, எப்போது டிப்ஸ் கொடுப்பது, கடையில் எப்படிச் சாமான் வாங்குவது, இவைதான். யோசிக்காமலே செய்துகொண்டிருந்த காரியங்கள் ஒரே நாளில் கைவிட்டுப் போவதைத்தான் அவர் அதிர்ச்சி என்றார். ஈரோடு பஸ் ஸ்டாண்டில் எந்த பஸ் எங்கே நிற்கும் என்று நீங்கள் யோசித்திருக்க மாட்டீர்கள், கால் தானாகப் போயிருக்கும். இங்கே விலைச்சீட்டில் 9.99 டாலர் என்று இருக்கும் பொருளுக்குக் கல்லாவில் 13 சதவீத வரி சேர்த்து 11.29 கேட்பார்கள். ரொக்கமாகக் கொடுத்தால் 11.30. ஒரு சென்ட் காசை 2013இலேயே நிறுத்திவிட்டதால் ஐந்து சென்ட் கணக்குக்கு வந்துவிடும். ஆனால் அரிசிக்கும் பாலுக்கும் காய்கறிக்கும் வரியே கிடையாது. ஒரு கடைக்குள் இத்தனை விதி. பின்னால் நாலு பேர் நிற்க, கையில் சில்லறையை வைத்துக்கொண்டு நிற்பவருக்கு வேர்ப்பதில் என்ன ஆச்சரியம்?

"மேல்வீட்டு அக்கா போரிலிருந்து தப்பி வந்தவர், அவர் முன்னால் நான் குப்பைக்கு அழுவது வெட்கமாக இருக்கிறது" என்று நடுவில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியில் கொஞ்ச நேரம் நின்றேன். வன்னியிலிருந்து வந்த வயதான ஓர் அம்மா என் அலுவலகத்தில் உட்கார்ந்து சொன்னதை, அடையாளம் தெரியாதபடி, இங்கே சொல்கிறேன். "ஷெல் விழேக்க நான் அழேல்லைப் பிள்ளை. இஞ்ச வந்து, பஸ் நிப்பாட்டக் கயிறு இழுக்கவேணுமெண்டு தெரியாமல் மூண்டு ஸ்டொப் தள்ளிப் போய் இறங்கின அண்டைக்குத்தான் அழுதனான்." அவர் இழந்ததையும் உங்கள் குப்பைத்தொட்டியையும் நான் ஒப்பிடவில்லை, ஒப்பிடவும் கூடாது. ஆனால் பெரிய துன்பம் பார்த்தவருக்குச் சின்னது வலிக்காது என்று நீங்கள் நினைப்பது சரியில்லை. அந்த அக்காவும் முதல் வருடம் எதற்கோ அழுதிருப்பார். வேண்டுமானால் கேட்டுப் பாருங்கள்.

இப்போது அலாரத்துக்கு வருகிறேன். இதை நான் என் கையால் கற்றுக்கொண்டேன். வந்த முதல் டிசம்பர், ரசத்துக்குத் தாளிக்கிறேன். கடுகு வெடித்தது, மிளகாயைப் போட்டேன், பெருங்காயம் போட்டேன், ஊரில் செய்வது போலவே குமிழைத் திருகி அடுப்பை நிறுத்திவிட்டுக் கறிவேப்பிலையை எடுக்கத் திரும்பினேன். காஸ் அடுப்பில் குமிழைத் திருகினால் சூடு அந்த நொடியே நின்றுவிடும். இங்கே மின்சார அடுப்பின் வளையம் நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் சிவந்தே கிடக்கும். நான் திரும்புவதற்குள் மிளகாய் கருகிப் புகை எழும்பி, தலைக்கு மேல் அலாரம் அலற, துண்டை வீசிக்கொண்டே அழுதேன். என் சமையல் மோசமாகிவிட்டது என்றுதான் நினைத்தேன். சமையலில் பிழை இல்லை. 15 வருடம் காஸில் பழகிய கை 'நிறுத்திவிட்டேன்' என்று நம்பியது, அடுப்பு நிற்கவில்லை, அவ்வளவுதான். அதற்குப் பிறகு, முதல் கடுகு வெடித்ததும் சட்டியையே வளையத்திலிருந்து தூக்கிப் பக்கத்தில் வைத்துவிடுவேன். மிளகாய், கறிவேப்பிலை எல்லாம் அங்கேதான். சட்டியில் இருக்கும் சூடே போதும். அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே மேலிருக்கும் புகைவிசிறியைப் போட்டுவிடுங்கள். பல பேஸ்மென்ட்களில் அது புகையை வெளியே தள்ளாது, வடிகட்டி அறைக்குள்ளேயே திருப்பி விடும், ஆகவே சின்ன ஜன்னலையும் கொஞ்சம் திறந்து வையுங்கள். அலாரத்தில் தற்காலிகமாக ஓசை நிறுத்தும் பொத்தான் இருக்கிறதா என்று பாருங்கள். பேட்டரியை மட்டும் கழற்றிவிடாதீர்கள். நாம் இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் வாடகைக்கு இருப்பவர் அதைச் செயலிழக்க வைப்பது சட்டப்படி குற்றம், அதைவிட முக்கியமாக, நீங்கள் தூங்குவது தரைக்குக் கீழே. ஒளியால் புகையை அறியும் வகை அலாரம் சமையல் புகைக்குக் குறைவாகக் கத்தும், வீட்டுக்காரரிடம் அதை மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாம். குளிர்கால மேலங்கியைச் சமையலறைப் பக்கம் மாட்டாமல் படுக்கையறை அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்துங்கள். வேலையிடத்தில் யாராவது வாசனை பற்றிச் சொல்லிவிடுவார்களோ என்ற கவலையில் பாதி அதோடு போகும்.

குப்பை விஷயம் எளிது. சாப்பாட்டுக் கழிவு பச்சைத் தொட்டிக்கு, அது வாராவாரம் எடுப்பார்கள். மற்ற குப்பையும், மறுசுழற்சிக்கான நீலத் தொட்டியும் மாறி மாறி ஒரு வாரம் விட்டு ஒரு வாரம். உங்கள் தெருவுக்கான நாட்காட்டி நகராட்சியின் தளத்தில் கிடைக்கும், அச்செடுத்துக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவிடுங்கள். ஆனால் உங்களைப் புண்படுத்தியது தொட்டி இல்லை, அக்கா சொன்ன தொனி. அதில் இன்னொரு சிக்கலும் இருக்கலாம். உங்கள் தமிழும் அவர் தமிழும் ஒன்றேதான், ஆனால் சில சொற்கள் இடம் மாறி நிற்கும். நாம் 'பேசுறது' என்று சொல்வதை இலங்கைத் தமிழர்கள் 'கதைக்கிறது' என்பார்கள். அவர்கள் பேச்சில் 'அவ பேசினவ' என்றால் அவர் திட்டினார் என்று அர்த்தம். கோயம்புத்தூர்ப் பெண் ஒருவர் வீட்டுக்கார அம்மாவிடம் "சாயங்காலம் வந்து உங்ககிட்ட பேசுறேன்" என்று மரியாதையாகச் சொல்லப்போய், அந்த அம்மா, இவள் சண்டைக்கு வரப்போகிறாள் என்று நினைத்து மகனை வேலையிலிருந்து வரச் சொல்லிவிட்டார். நான் நடுவில் உட்கார்ந்து இரண்டு பேருக்கும் மொழிபெயர்த்தேன், தமிழிலிருந்து தமிழுக்கு. உங்கள் வீட்டில் நடந்தது இதுதான் என்று நான் சொல்லவில்லை. அவர் உண்மையிலேயே கோபமாகச் சொல்லியிருக்கலாம். தொட்டி மாறினால் குப்பை எடுக்காமல் போய்விடுவார்கள், வாசலில் கிடந்து நாறுவது அவர் பெயரில்தான். நாட்காட்டியை ஒட்டிய பிறகு ஒருநாள் மேலே போய், "அக்கா, எது எதுல போடணும்னு ஒருதடவை காட்டிக் குடுங்க" என்று கேளுங்கள். கற்றுக்கொடுக்கக் கேட்டு வந்தவரிடம் யாரும் பழைய தொனியில் சொல்வதில்லை.

பெயர் விஷயம் இவ்வளவு எளிதில்லை. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயரின் முதலெழுத்துதான். பாஸ்போர்ட்டில் அதை விரித்துக் குடும்பப் பெயர் இடத்தில் போட்டுவிடுகிறோம். விளைவு, இங்கே மருத்துவமனை, வங்கி, பள்ளி எல்லா இடத்திலும் நம்மை அப்பா பெயரால் அழைக்கிறார்கள். அப்பாவைப் பறிகொடுத்து ஆறு மாதத்தில் இங்கே வந்த ஒரு பெண், மருத்துவரின் காத்திருப்பு அறையில் உட்கார்ந்திருக்கிறார். யாரோ ஒரு முன்பின் தெரியாத வெள்ளைக்காரப் பெண் கதவைத் திறந்து, உச்சரிப்பை உடைத்து, அவர் அப்பாவின் பெயரை இரண்டு முறை சத்தமாகக் கூப்பிட்டார். எழுந்திருக்க முடியவில்லை என்றார் என்னிடம். இதைச் சின்ன விஷயம் என்று யார் சொல்வது? முழுத் தீர்வு என்னிடம் இல்லை. செய்ய முடிந்தவை இரண்டு. எந்த இடத்தில் பதிவு செய்தாலும் 'என்னை இந்தப் பெயரால் அழையுங்கள்' என்று சொல்லலாம், பல இடங்களில் கணினியில் அதற்கென்று ஒரு கட்டம் இருக்கும், கேட்டால்தான் நிரப்புவார்கள். இரண்டாவது, போனுக்குப் பக்கத்தில் ஓர் அட்டை. உங்கள் பெயரை எழுத்தெழுத்தாகப் பிரித்து, 'எம் ஃபார் மேரி, என் ஃபார் நான்சி' என்று எழுதி வைத்துப் பார்த்துப் படியுங்கள். இந்த இரண்டு எழுத்தும்தான் போனில் ஒன்றுபோலக் கேட்டு உயிரை வாங்கும். பதற்றத்தில் மேரியும் நான்சியும் நினைவுக்கு வர மாட்டார்கள், அதற்குத்தான் அட்டை.

இவை தவிர நான் எல்லோரிடமும் சொல்லும் ஒரே பழக்கம், ஒரு நாற்பது பக்க நோட்டு. அழுகையோ எரிச்சலோ வந்தால் என்ன நடந்தது என்று ஒரு வரி, பக்கத்தில் மணி எத்தனை என்று. மணிதான் முக்கியம். உங்களைப் போலவே கிடங்கில் வேலை செய்த ஒருவர் இரண்டு வாரத்தில் எட்டு வரி எழுதிக் கொண்டுவந்தார். எட்டும் மாலை ஐந்திலிருந்து ஏழுக்குள். காலை பதினொன்றரைக்குக் கிடைத்த அரைமணி இடைவேளையில் ரொட்டி சாப்பிட்டிருக்கிறார், பிறகு இரண்டு பஸ் மாறி வீடு வந்து அடுப்படியில் நிற்கும் வரை வயிற்றுக்கு ஒன்றுமில்லை. நாலு மணிக்கு ஒரு சின்ன டப்பா தயிர்சாதம் என்று மாற்றினார். அடுத்த முறை வந்தபோது அவருடைய எரிச்சல்கள் போய்விடவில்லை, ஆனால் நோட்டில் மூன்று வரிதான் இருந்தது. ஒருவரை வைத்து விதி சொல்ல மாட்டேன். ஆனால் வேலை முடிந்து வந்த முதல் ஒரு மணி நேரத்தில் வங்கிக்கோ வீட்டுக்காரருக்கோ போன் செய்யாமல் இருப்பது அநேகமாக எல்லோருக்கும் உதவியிருக்கிறது. நோட்டைப் பார்த்து, வாரத்துக்கு ஒன்றே ஒன்றை மட்டும் எடுத்துச் சரிசெய்யுங்கள். எல்லாவற்றையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் கற்றுத் தீர்க்க முயன்றவர்கள் திங்கட்கிழமை இன்னும் சோர்ந்துதான் வந்தார்கள்.

எத்தனை நாளில் சரியாகும் என்ற கேள்விக்கு வருகிறேன். இங்கே உறுதியாகச் சொல்ல முடியாது. 'முதல் சில மாதம் சந்தோஷம், பிறகு இறக்கம், ஒன்றரை வருடத்தில் ஏற்றம்' என்று ஒரு வளைகோட்டைப் பலரும் காட்டுவார்கள். அது 1955இல் லிஸ்கார்ட் என்ற நார்வே ஆய்வாளர், அமெரிக்காவில் படித்துத் திரும்பிய நார்வேக்காரர்களிடம் கேட்டு எழுதியதிலிருந்து வந்தது. ஆறு மாதத்திலிருந்து ஒன்றரை வருடம் வரை தங்கியவர்கள் அதிகம் சிரமப்பட்டதாக அவர் கண்டார். ஆனால் அவர் ஒரே ஆளை மாதக்கணக்கில் தொடர்ந்து பார்க்கவில்லை. பிறகு அப்படித் தொடர்ந்து பார்த்த ஆய்வுகளில் அந்தக் கோடு பலருக்குப் பொருந்தவில்லை. வந்திறங்கிய முதல் வாரங்களே மிகக் கடினமாக இருந்தவர்கள் நிறைய. அதனால் ஒன்பதாம் மாதம் என்பதால்தான் உங்களுக்கு இப்படி என்றும், பதினெட்டாம் மாதம் சரியாகிவிடும் என்றும் யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். நான் பார்த்த வரையில் ஒரே நாளில் விடிவதில்லை, ஒவ்வொன்றாக உதிர்கிறது. இரண்டாவது குளிர்காலம் முதலாவதைவிட லேசாக இருப்பதாக அநேகம் பேர் சொல்கிறார்கள். சரியான பூட்ஸ் இருக்கும், எந்தப் படிக்கட்டில் பனிக்கட்டி உறையும் என்று கால் அறிந்திருக்கும்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போட வேண்டாம். டிசம்பரில் இங்கே பகல் ஒன்பது மணி நேரம்தான், ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிடும். ஈரோட்டில் அந்த மாதத்திலும் பதினொன்றரை மணி நேர வெளிச்சத்துக்குப் பழகிய உடம்பு உங்களுடையது, வசிப்பதும் பேஸ்மென்ட்டில். வெளிச்சம் குறைவதால் சிலருக்கு உண்மையான மனச்சோர்வு நோய் வருகிறது. நீங்கள் எழுதியிருப்பதை வைத்து அது உங்களுக்கு இருக்கிறதா இல்லையா என்று நான் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. இரண்டு வாரத்துக்கு மேல் நாளின் பெரும்பகுதி மனம் கனத்தே இருந்தால், தூக்கமோ பசியோ மாறினால், பிடித்த எதிலும் மனம் ஒட்டாமல் போனால், அது அலாரத்துக்கு வரும் அழுகை இல்லை, மருத்துவரைப் பாருங்கள். குடும்ப மருத்துவர் இன்னும் கிடைக்கவில்லை என்றால் 811க்குப் போன் செய்தால் செவிலியர் வழி சொல்வார். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும் 988, எந்த நேரமும் எடுப்பார்கள். மற்றபடி எந்த உதவி எங்கே கிடைக்கும் என்று தெரியாதபோது 211, தமிழில் வேண்டும் என்று கேளுங்கள். நீங்கள் எந்த விசாவில் வந்தீர்கள் என்று எழுதவில்லை. நிரந்தரவாசி என்றால் எங்களைப் போன்ற அமைப்புகளின் சேவை இலவசம். வேலை அனுமதியில் இருந்தால் மத்திய அரசு நிதியில் நடக்கும் சில சேவைகளுக்குத் தகுதி இருக்காது, மாகாண நிதியில் நடப்பதைக் கேட்டு வாங்க வேண்டும். பொது நூலகத்துக்கு இந்தப் பேதமே இல்லை. தமிழ்ப் புத்தகம் கிடைக்கும், ஜன்னலோரம் வெயிலில் உட்காரலாம், யாரும் ஏன் வந்தாய் என்று கேட்க மாட்டார்கள்.

கடைசியாக அம்மா. வேலை முடிந்து ஆறு மணிக்கு நீங்கள் போனை எடுக்கும்போது அங்கே விடியற்காலை, கோடையில் மூன்றரை, குளிர்காலத்தில் நாலரை. தூக்கக் கலக்கத்தில் "அலாரம் கத்துச்சு, அழுதேன்" என்று கேட்டால் எந்த அம்மாவுக்கும் "இதுக்குப் போயா?" என்றுதான் வாயில் வரும், அல்லது பயந்துவிடுவார். சனிக்கிழமை காலை எட்டரைக்குக் கூப்பிடுங்கள், அங்கே மாலை ஆறு ஏழு மணி, அவரும் அடுப்படியில்தான் இருப்பார். வீடியோவில் அடுப்பை நிறுத்திவிட்டு, வளையம் சிவப்பாகவே கிடப்பதைக் காட்டுங்கள். என் அம்மா அதைப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அதற்குப் பிறகு அவர் உயிரோடு இருந்தவரை, நான் ரசம் வைக்கிறேன் என்று சொன்னால் போதும், முதலில் கேட்பது இதைத்தான்: "சட்டியை இறக்கி வச்சியாடி?"